முத்திரை வைத்த லாரி

எங்கள் கல்கத்தா தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வங்கி அதிகாரிகள் காளிகாட்டில் என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். காபியைக் குடித்துவிட்டு, இந்த ஊரில் எல்லாத் தமிழ் அதிகாரிகளும் என்னிடம் சொல்வதையே அவர்களும் சொன்னார்கள். “வெள்ளைக்காரன் காலத்துல எல்லாத்துலயும் ஒரு ஒழுங்கு இருந்தது சார். இப்ப என்ன இருக்கு? நீங்க அதைக் கண்ணால பாத்தவர். அதைப் பத்தி எழுதுங்க.”

எழுதுகிறேன். அந்த ஒழுங்கின் காரணமாகப் புத்தம்புது டீசல் லாரி ஒன்று ஹௌரா பாலத்தின் நடுவில் நின்று நின்று போனதையும், அதற்காக ஒரு மனிதர் கம்பி எண்ணப் போக இருந்ததையும் எழுதுகிறேன். இதை மலரில் போடுவதும் போடாததும் குழுவினர் பாடு.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்குப் போய், ஒரு ரயில் பட்டறையில் சில வருடம் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறினேன். எந்த நட்டை எந்த ஸ்பானரால் பிடிப்பது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். மேஸ்திரி வரும்போது மட்டும் எப்படிச் சுறுசுறுப்பாக இருப்பது என்பதையும் கற்றுக்கொண்டேன். பிற்கால உத்தியோகத்தில் அதிகம் கைகொடுத்தது இரண்டாவதுதான். பிறகு கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கராக இருந்த என் சித்தப்பா கூப்பிட, ரயிலேறி வந்து அதே கம்பெனியில் சேர்ந்தேன். சணல், தேயிலை, இயந்திர உதிரிகள் என்று எதையும் வாங்கி எங்கும் அனுப்புகிற கம்பெனி. ஸ்ட்ராண்ட் ரோட்டில் பெரிய கிடங்கு. கொஞ்ச காலத்தில் என்னை லாரிப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சூப்பர்வைசர் என்றால், லாரி ஓடினால் பெருமை துரைக்கு, நின்றால் பேச்சு எனக்கு.

துரையின் பெயர் டன்ஸ்டன். எனக்கு மேலதிகாரி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மெல்லிய குரல், சுத்தமான நகங்கள், யாரையும் நாற்காலியில் உட்காரச் சொல்லாத மரியாதை. நாம் எதைச் சொன்னாலும் கேட்டுவிட்டு “நிச்சயமாகவா?” என்பார். வெளியே மழை பெய்கிறது என்றாலும் “நிச்சயமாகவா?” தான். கேட்டதும் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவர் அதற்குமுன் பல வருடம் தேயிலைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அங்கே பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துப் பழகிய கை. அந்தக் கை பிறகு சும்மா இருக்கவில்லை. மேஜை இழுப்பறைக்கு முத்திரை, சாவிப் பெட்டிக்கு முத்திரை, பிஸ்கட் டப்பாவுக்கு முத்திரை. மேஜையில் ஸ்பிரிட் விளக்கு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். சிவப்பு அரக்குக் குச்சியை அதில் காட்டி, அது உருகிச் சொட்டுகிற நேரத்தில் கம்பெனிப் பெயர் வெட்டிய பித்தளை முத்திரையை நாக்கில் லேசாகத் தொட்டு ஈரமாக்கி, நேராக வைத்து ஓர் அழுத்து. பிறகு தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கோணலாக விழுந்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி வைப்பார். பூஜை செய்கிறவர்களிடம்கூட அவ்வளவு சிரத்தையை நான் கண்டதில்லை.

போர் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் கம்பெனி முதல் டீசல் லாரியை வாங்கியது. அப்போது க்ரூட் ஆயில் லாரி என்றுதான் சொல்வோம். பெட்ரோலைவிட எண்ணெய் மலிவு, இழுவை அதிகம் என்று சீமையிலிருந்து எழுதியிருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கியபோது பச்சை வண்ணத்தில் யானைக் குட்டி மாதிரி நின்றது. ஸ்ட்ராண்ட் ரோட்டுக் கிடங்கிலிருந்து சரக்கை ஏற்றி, ஹௌரா பாலத்தைக் கடந்து, சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேகன்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. இப்போதிருக்கும் இரும்புப் பாலம் அப்போது இல்லை. தெப்பங்களை வரிசையாக மிதக்கவிட்டு, அதன்மேல் போட்ட பழைய பாலம். கப்பல் போக வேண்டுமானால் நடுவில் திறந்து வழிவிடும். மற்ற நேரமெல்லாம் மாட்டு வண்டியும் கைவண்டியும் கூலி ஆட்களுமாகப் பிதுங்கும்.

அந்த லாரிக்கு டிரைவராகக் கர்த்தார் சிங்கைச் சிபாரிசு செய்தது நான். அவரைப் பிடித்துப் போய்ச் செய்யவில்லை. பிடிக்காது. ஆறடி உயரம், அதற்கேற்ற கர்வம். என்னைப் பார்த்து சலாம் வைக்கும்போதுகூட ஏதோ தானம் கொடுப்பது போல இருக்கும். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் உடம்பு நிலையைச் சொல்லக் கூடியவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை. பவானிப்பூரில் டாக்சி ஓட்டும் அவருடைய தம்பிகளும் அவர் பெயரைச் சொல்லித்தான் வண்டி வாங்கியிருந்தார்கள். அவர் பெயருக்கு ஒரு கறை விழுந்தால் மூன்று குடும்பத்தின் அடுப்பு அணையும்.

எங்களிடம் இருந்த பழைய பெட்ரோல் லாரிகளில் எண்ணெய் திருட்டு நடந்துகொண்டிருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அந்த வண்டிகளின் மூடிகள் தகர டப்பா மூடி மாதிரி ஆடும். அதில் அரக்கு ஒட்டாது என்று துரை விட்டுவிட்டார். புது லாரியின் மூடியோ கனமான பித்தளை. பளபளவென்று, நடுவில் சின்னக் குழிவோடு இருந்தது. அதைப் பார்த்ததும் துரையின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். முத்திரை வைப்பதற்கென்றே சீமையில் ஒருவன் குழித்துக் கொடுத்தது போல இருந்தது.

மறுநாளிலிருந்து சடங்கு தொடங்கியது. காலையில் தொட்டியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். துரை பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு அளவு பார்ப்பார். மூடியைத் திருகி, குறுக்கே சணல் நூலைக் கட்டி, முடிச்சைக் குழிவில் கொண்டுவந்து, அதன்மேல் அரக்கைத் தாராளமாகச் சொட்டி முத்திரை வைப்பார். மாலையில் வண்டி திரும்பியதும் அவரே வந்து உடைத்து, மறுபடி கம்பியை விடுவார். வழியில் எது நடந்தாலும் முத்திரையை யாரும் தொடக்கூடாது. தொட்டவன் திருடன், விசாரணை கிடையாது. இதை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் இந்துஸ்தானியில் சொன்னேன். கர்த்தார் சிங் மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

முதல் நாளே லாரி பாலத்தில் நின்றது.

கிடங்கை விட்டுக் கம்பீரமாகத்தான் கிளம்பியது. பாலத்தின் பாதிக்குப் போனதும் இருமியது, தும்மியது, அணைந்தது. கர்த்தார் சிங் ஸ்டார்ட்டரை அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து உயிர் வந்தது. ஒரு டிராம் நீளம் நகர்ந்து மறுபடி அணைந்தது. மறுபடி உயிர், மறுபடி மரணம். பின்னால் ஹௌரா ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிற கல்கத்தா முழுவதும் நின்றுகொண்டு தன் கருத்தைச் சொன்னது. கடைசியில் ஒரு வண்டிக்காரரின் மாடுகளை அவிழ்த்துக் கட்டி லாரியைத் திருப்பி இழுத்து வந்தார்கள். மாடுகளின் வேலையைப் பிடுங்க வந்த லாரி, மாடுகளின் பின்னால் கிடங்குக்குள் நுழைந்தது. வண்டிக்காரர்கள் அதைப் பல வாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். கர்த்தார் சிங்கின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

வந்ததும் விசாரணை. முதலில் துரை வந்து முத்திரையைப் பார்த்தார். பழுதில்லை. தன் கையால் உடைத்து, மூடியைத் திறந்து, கம்பியை விட்டார். எண்ணெய் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் திருட்டு இல்லை என்று முடிவு செய்திருப்பார்கள். துரை, அளவு இவ்வளவு சரியாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்றார். எப்படியோ எடுத்துவிட்டு வேறு எதையோ கலந்து நிரப்பியிருக்க வேண்டும். பிறகு வண்டியைத் தன் கண் முன்னால் ஓட்டச் சொன்னார். திறந்த மூடியை லேசாக வைத்துவிட்டு கர்த்தார் சிங் ஓட்டினார். மைதானத்தைச் சுற்றி, கோட்டையைச் சுற்றி, கிடங்குக்குத் திரும்பும்வரை லாரி ஒரு தும்மல் போடவில்லை.

“ஆக, வண்டிக்குக் குறை எதுவும் இல்லை” என்றார் துரை, மென்மையாக. குறை யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை. கர்த்தார் சிங்கைப் பார்த்துக்கொண்டே கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார்.

மறுநாள் முத்திரையோடு போன லாரி, அதே பாலத்தில், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

இனி என் முறை. எனக்கு ஒரு கொள்கை இருந்தது. டீசல் எஞ்சினுக்கு முதல் எதிரி காற்று. குழாயில் ஒரு குமிழி புகுந்தால் போதும், பம்பு காற்றைப் பிடித்துப் பிசையும், எண்ணெய் போகாது. துரை வந்து முத்திரையை உடைத்து அளவு பார்த்த பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். வடிகட்டியின் தலையில் இருக்கும் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். பம்பின் பக்கத்துக் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினேன். சோப்பு நுரை மாதிரி வந்தது. நுரை நின்று எண்ணெய் கண்ணாடி போலத் தெளிவாக வரும்வரை ஆட்டி, வந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்கினேன். அந்த இடத்தில் அவசரப்பட்டு, நின்ற பிறகு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். பிறகு ஒவ்வொரு குழாயாக அதே வைத்தியம். அன்று துரைக்கு ஏதோ விருந்து. மூடியை லேசாக வைத்துவிட்டு, முத்திரை வைக்க நிற்காமல் போய்விட்டார். நானும் கூடப் போக, லாரி சாந்த்ராகாச்சி வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் தேர் மாதிரி திரும்பி வந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிடங்கில் ஒரு நடை நடந்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மறுநாள் துரை முத்திரை வைத்தார். லாரி பாலத்தில் நின்றது.

மூன்றாவது கொள்கை தலைமை குமாஸ்தா ஹரிபாதபாபுவுடையது. படாபாபு என்று நாங்கள் அழைக்கும் பெரிய மனிதர். வெற்றிலைச் சிவப்பும் குடையுமாக வந்து, வங்காளிகள் ‘ஐயா’வுக்குச் சொல்லும் மோஷாயோடு என்னை ஓரமாக அழைத்தார்.

“பிள்ளை மோஷாய், இந்த வண்டி எப்ப வந்தது? விஸ்வகர்மா பூஜோ முடிஞ்சு அடுத்த வாரம். கிடங்குல ஒவ்வொரு தராசும் ஒவ்வொரு கைவண்டியும் பூஜோ வாங்கிருக்கு. இது ஒண்ணுதான் வாங்கல. கோவிச்சுக்காதா?”

துரையிடம் அனுமதி கேட்டோம். உள்ளூர் வழக்கங்களில் தலையிடுவதில்லை என்பது அவருடைய இன்னொரு ஒழுங்கு. அனுமதித்தார். புரோகிதர் வந்தார். வண்டியின் வாய் எதுவும் கட்டியிருக்கக் கூடாது, எல்லா வாயும் திறந்து சிந்தூரமும் கங்கை நீரும் படவேண்டும் என்றார். துரையே பெருந்தன்மையோடு நூலை அவிழ்த்துக் கொடுத்தார். பூஜை நடந்த நாளில் மறுபடி முத்திரை வைப்பது அபசகுனம் என்று படாபாபு சொல்ல, அதற்கும் சம்மதித்தார். செம்பருத்தி மாலையோடு, படாபாபுவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, லாரி சாந்த்ராகாச்சிக்குப் போய்வந்தது. ஒரு குறையும் இல்லை. படாபாபு என்னைப் பார்த்த பார்வையில், பட்டறைப் படிப்பு முழுவதும் பாழ் என்று எழுதியிருந்தது.

மறுநாள் முத்திரை. மறுநாள் பாலம். மாலை வாடிக்கூட இருக்கவில்லை.

இப்படியாக, துரையின் கண்டிப்பும் பலித்தது, என் வைத்தியமும் பலித்தது, படாபாபுவின் பூஜையும் பலித்தது. மூன்றும் ஒரு நாளுக்கு மட்டும். மூன்று கொள்கைகளையும் துரையின் ஸ்டெனோ ராமசேஷன் மூன்று படிகள் டைப் அடித்து வைத்தார். தஞ்சாவூர்க்காரர். கம்பெனியில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். “ஓய் பிள்ளைவாள், இந்த லாரிக்கு மட்டும் பேசத் தெரிஞ்சா, உம்ம மூணு பேரையும் கோர்ட்டுக்கு இழுத்துடும்” என்றார்.

ஆனால் துரைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதிகாரி யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் லாரி ஓடுகிறது. டிரைவர் தனியாகப் போனால் நிற்கிறது. ஆகவே டிரைவர் வேண்டுமென்றே நிறுத்தி, நிற்கிற நேரத்தில் எண்ணெயை மாற்றுகிறார். சனிக்கிழமை அவரைப் போலீசில் ஒப்படைப்பது என்று தீர்மானம். நான் மறுத்துப் பேசினேன். கேட்டுவிட்டு, “அவரைச் சிபாரிசு செய்தது நீங்கள்தானே?” என்று மட்டும் கேட்டார்.

வேகன்கள் காத்திருந்ததால் வெள்ளிக்கிழமைச் சரக்கு போயே ஆக வேண்டியிருந்தது. முத்திரை வைத்து முடிந்ததும் நானும் லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி வழியில் கர்த்தார் சிங் பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். அவர் இந்துஸ்தானியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“பாபுஜி, என் பெரிய தம்பிகிட்ட சொல்லிட்டேன். நான் உள்ள போனா டாக்சியை வித்துட்டு ஊருக்குப் போயிடு, இங்க திருடன் தம்பின்னு பேர் வாங்காதேன்னு.”

அதற்குள் பாலம் வந்துவிட்டது. பாதிப் பாலம் வந்ததும் இருமலும் வந்தது. லாரி நின்றது.

எனக்கு உடனே தோன்றிய எண்ணம், இனி துரையின் கணக்கில் நானும் கூட்டாளி என்பதுதான். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுவிட்டதே. இறங்கினேன். பின்னால் மாட்டு வண்டிகள் சேர ஆரம்பித்தன. பாலத்துச் சார்ஜெண்ட் ஒருவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களை நோக்கி வந்தான். கப்பல் வருகிறது, பாலத்தைத் திறக்க வேண்டும், இந்தத் தகரத்தை அப்புறப்படுத்து என்று கத்தினான்.

வடிகட்டியின் திருகாணியைத் தளர்த்திக் கைப்பிடியை ஆட்டினேன். நுரையும் வரவில்லை, எண்ணெயும் வரவில்லை. கிடங்கில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. அடுத்து, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினேன். தொட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பம்பு அதற்குக் கீழே. குழாயைக் கழற்றினால் எண்ணெய் தானாகக் கொட்ட வேண்டும். கழுத்துவரை நிரப்பிய தொட்டி. ஒரு சொட்டு வரவில்லை. அடைப்பு இருக்கிறதா என்று குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தேன்.

குழாய் என் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தது.

நான் விரலை எடுத்தேன், வைத்தேன். மறுபடி இழுத்தது. எண்ணெயை வெளியே தர வேண்டிய தொட்டி, வெளியே இருக்கும் காற்றுக்காக வாயைத் திறந்துகொண்டு தவிக்கிறது. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழியில்லை. எவ்வளவு நிறைவாக நிரப்புகிறோமோ அவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டும். நின்ற பிறகு எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசியும், கொஞ்ச தூரம் ஓடும். மாடுகள் இழுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் தொட்டி மூச்சை மீட்டுக்கொள்ளும். பிறகு துரை வந்து முத்திரையை உடைப்பார். அதாவது வைத்தியத்தை முதலில் செய்துவிட்டு நோயைப் பிறகு விசாரித்துக்கொண்டிருந்தோம்.

“சர்தார்ஜி, மூடியைத் திறங்க” என்றேன்.

“மாட்டேன்.”

“நான்தான் சொல்லுதேன்லா, திறங்க!” அவசரத்தில் எனக்குத் தமிழ் வந்துவிட்டது. இந்துஸ்தானியில் மறுபடி சொன்னேன்.

கர்த்தார் சிங் கைகளைக் கட்டிக்கொண்டார். “மாடு இழுத்துச்சு, ஊர் சிரிச்சுச்சு. அப்பகூட நான் அதைத் தொடல. போலீஸ் வந்தாலும் தொட மாட்டேன். அதைத் தொட்டா நான் திருடன்.”

நியாயம்தான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரக்கை ஒரே குத்தில் பெயர்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வீரம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. அத்தனை நாளும் ஓர் அரக்குத் துண்டு எங்களை ஆட்டி வைத்திருக்கிறது என்ற கோபம். மூடியைத் திருகியதும் தொட்டி நீளமாக ஒரு மூச்சு வாங்கியது. சார்ஜெண்டின் காதில்கூட விழுந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தோம். குழிவின் நடுவில், ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. சீமையில் செய்தவன் காற்றுக்காக வைத்த துளை. அதற்குள் கல்கத்தா வெயிலில் இளகிய சிவப்பு அரக்கு நன்றாக இறங்கி உறைந்திருந்தது. கர்த்தார் சிங் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு துளையை அப்படியே விட்டு, மூடியை இறுக்காமல் லேசாக வைத்து, குழாயை மாட்டி, காற்றை எடுத்து, வண்டியைக் கிளப்பினோம். சாந்த்ராகாச்சி போய்த் திரும்பும்வரை அது நிற்கவில்லை.

திரும்பியதும் துரை உடைந்த முத்திரையைப் பார்த்தார். கர்த்தார் சிங்கிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, காலையில் இருவரும் தன் அறைக்கு வரவேண்டும் என்றார்.

அன்று மாலை ராமசேஷன் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“ஓய், துரை வச்ச முத்திரைதான் காரணம்னு சொல்லப் போறீரா? அப்படின்னா துரைதான் காரணம்னு ஆயிடும். இந்தக் கம்பெனியில துரை எதுக்கும் காரணமா இருக்கப்படாது. வண்டி செஞ்சவன் மேல போடும். அவன் சீமையில இருக்கான், கேக்க மாட்டான்.”

“வண்டி செஞ்சவன் துளை வச்சுத்தான் குடுத்திருக்கான் சாமி. அவன் மேல எப்படிப் போடுதது?”

“பின்ன, வெயில் மேல போடும். அரக்கு வெயில்ல இளகித்து, அவ்வளவுதான்.”

“வெயில் மேல போட்டா சர்தார் மேல போட்ட திருட்டுப் பேரு போகுமா? நாளைக்கு வேற எங்கயாவது நிக்கும், மறுபடி இவரத்தான் பிடிப்பாங்க.”

அவர் மூக்குப்பொடியை எடுத்தார். எனக்காக உண்மையிலேயே பயந்தார் என்று தெரிந்தது.

காலையில் துரையின் அறைக்குப் போகும்போது அவருடைய பட்லரிடமிருந்து இன்னும் துளை போடாத கட்டிப் பால் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டேன். துரை தினமும் தேநீருக்கு ஊற்றிக்கொள்கிற டப்பா. அதில் ஒரே ஒரு துளை போட்டு, அவர் முன்னால் கோப்பைமேல் கவிழ்த்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. துரை பார்த்தார்.

“உங்கள் பட்லர் எப்போதும் இரண்டு துளை போடுவார் சார். ஒன்று பால் வர, ஒன்று காற்று போக” என்றேன். பித்தளை மூடியை மேஜையில் வைத்தேன். “இந்த லாரிக்கு இரண்டாவது துளையை நாம் தினமும் காலையில் அடைத்து அனுப்பினோம்.”

‘நாம்’ என்று சொன்னதற்காக, குறிப்பெடுக்க நின்றிருந்த ராமசேஷன் என்னை நன்றியோடு பார்த்தார்.

துரை மூடியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அரக்கு அடைத்த துளையைப் பார்த்தார். “நிச்சயமாகவா?” என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்தான். முட்டாளும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் தவறு.

“இன்னும் ஒன்று சார்” என்றேன். “எண்ணெய் திருடுகிறவன் மூடியைத் திறப்பான். திறந்திருந்தால் காற்று போயிருக்கும், வண்டி ஓடியிருக்கும். இவர் திறக்காததால்தான் நின்றது. நின்ற ஒவ்வொரு நாளும் இவர் திருடவில்லை என்பதற்குச் சாட்சி.”

எங்கள் பழைய லாரிகளில் எண்ணெய் திருடியவர்களின் வண்டிகள் அந்த வாரம் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நான் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் கம்பெனியில் வழக்கமில்லை.

துரை மூடியை மேஜையில் திரும்ப வைத்தார். வண்டி நின்ற விவகாரம் வேறு, முத்திரை உடைந்த விவகாரம் வேறு என்று பிரித்தார். உடைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். எனக்கு எச்சரிக்கை என்று ராமசேஷனைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இனி நூலில் மட்டும் முத்திரை இருக்கும், மூடியின் நடுவில் இருக்காது என்று உத்தரவு போட்டார். முத்திரையே வேண்டாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பிறகு கதவோரம் நின்றிருந்த கர்த்தார் சிங்கை நேராகப் பார்த்தார்.

“அவரிடம் சொல்லுங்கள்” என்றார் என்னிடம், வழக்கத்தைவிட மென்மையாக. “அவரை மன்னித்துவிட்டேன். வேலையில் தொடரலாம்.”

நான் சொன்னேன். கர்த்தார் சிங் புரியாதது போல என்னைப் பார்த்தார்.

“மன்னிப்பா? நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க பாபுஜி.”

கேட்டேன். துரை புன்னகை செய்தார். உண்மையான, கனிவான புன்னகை. “எதுவும் செய்யவில்லை. அதனால்தான் மன்னிக்கிறேன் என்று சொல்லுங்கள்.”

அதையும் சொன்னேன். ஒரு மனிதரை நாள் கணக்கில் திருடன் என்று வைத்திருந்து, ஊர் நடுவே மாடு கட்டி இழுக்கவிட்டு, கடைசியில் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வாய் என்னுடையது. அந்த வெட்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

கர்த்தார் சிங் மேஜையருகே வந்தார். தலைப்பாகையை ஒரு கையால் சரிசெய்துகொண்டார். துரையையே பார்த்தபடி, நிதானமாக என்னிடம் பேசினார்.

“சாஹேப்கிட்ட சொல்லுங்க பாபுஜி. நானும் அவரை மன்னிச்சுட்டேன்.”

ராமசேஷனுக்கு இந்துஸ்தானி நன்றாகத் தெரியும். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்பது போல எனக்குத் தலையசைத்தார். துரை என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நன்றி சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். எனக்கும் குடும்பம் இருந்தது, எச்சரிக்கையும் சற்றுமுன்தான் வாங்கியிருந்தேன்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

துரையின் காதுகள் சிவந்தன. கர்த்தார் சிங் பதில் வருமென்று மரியாதையாகக் காத்திருந்து பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த லாரிச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு, சரக்கு ஏற்றப் போனார்.